கஞ்சி மட்டும் போதாது! உணவுக்குழாய் அறுவைச் சிகிச்சைக்குப் பின் வீட்டில் ஊட்டம்

மருத்துவமனையிலிருந்து ஒருவர் வீடு திரும்புகிறார் என்றால், நம் வீடுகளில் முதலில் அடுப்பில் ஏறுவது கஞ்சிதான். காய்ச்சல் வந்தாலும் கஞ்சி, வயிற்றுப்போக்கு என்றாலும் கஞ்சி, அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தாலும் கஞ்சி. அதில் அன்பும் இருக்கிறது, தலைமுறைகளின் அனுபவமும் இருக்கிறது. ஆனால், உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வந்தவருக்கு வெறும் கஞ்சியை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால், மருத்துவர்கள் பல மணி நேரம் நின்று செய்த வேலையின் பலன் வீட்டிலேயே கரைந்துவிடும். நோயாளி நாளுக்கு நாள் மெலிவார். மெலிந்தவரின் உடல் அடுத்த கட்ட மருந்தையும் தாங்காது, கிருமித் தொற்றையும் தாங்காது.

ஜொகூர் மாநிலத்தில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகமும் உண்டு. பெரிய மருத்துவமனைகள் ஜொகூர் பாருவில் இருக்கின்றன. கதிரியக்கச் சிகிச்சை தேவைப்படும் அரசாங்க நோயாளிகள் தென் வட்டாரம் முழுவதிலிருந்தும் அங்குள்ள சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்குத்தான் வருகிறார்கள். சிகாமட்டிலிருந்து ஏறக்குறைய 170 கிலோமீட்டர். மெர்சிங்கிலிருந்து 130 கிலோமீட்டர். அறுவைச் சிகிச்சை முடிந்து, ஒரு பை நிறைய மருந்து, ஓர் ஊட்டச்சத்து மாவு டின், வயிற்றில் ஒரு மெல்லிய குழாய், கையில் அடுத்த சந்திப்புக்கான அட்டை ஆகியவற்றோடு நோயாளி வீடு போய்ச் சேருகிறார். அடுத்த சந்திப்பு சில வாரங்கள் கழித்து. அந்த இடைப்பட்ட வாரங்களில் வீடுதான் வார்டு. மனைவியோ மகளோ மருமகளோதான் தாதி.

ஆகவே, அந்த வாரங்களில் வீட்டில் என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்பதைக் குடும்பத்தார் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

நம்மவர்களுக்கு ஏன் இந்த அக்கறை?

மலேசியாவில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிகப் பரவலான நோய் அல்ல. ஆனால், இனவாரியாகப் பார்க்கும்போது இந்தியர்களிடையே அதன் விகிதம் கூடுதலாக இருப்பதைத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் அறிக்கைகள் காட்டியிருக்கின்றன. புகைபிடித்தல், மது, வெற்றிலை பாக்கு ஆகியவை இதற்கான முக்கியக் காரணங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவை 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேர்த்துப் போடும் வெற்றிலை பாக்கு உணவுக்குழாயிலும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதிப்படுத்தியது. புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும் அப்படியே என்று 2012இல் வெளியான அறிக்கையில் சேர்த்தது. 65 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்களும் இந்த நோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று 2016இல் அது அறிவித்தது.

தோட்டப்புற வாழ்க்கையில் வெற்றிலையும், ஒரு காலத்தில் கள்ளும் சம்சுவும் எவ்வளவு பரவியிருந்தன என்பதை இங்கே விளக்கத் தேவையில்லை. விழுங்கும்போது சோறு நெஞ்சில் நிற்கிறது என்று சொல்லும் பெரியவர்களை, "வாயுதான், கொஞ்சம் வெந்நீர் குடிங்க" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

உள்ளே என்ன மாறியிருக்கிறது?

தொண்டையிலிருந்து இரைப்பை வரை செல்லும் உணவுக்குழாய் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுள்ளது. அறுவைச் சிகிச்சையில் அதன் பெரும்பகுதியை அகற்றிவிடுகிறார்கள். பிறகு, வயிற்றில் இருக்கும் இரைப்பையைக் குறுகிய குழாய் போல வடிவமைத்து, மேலே நெஞ்சுக்குள் இழுத்து, மீதமுள்ள உணவுக்குழாயோடு இணைக்கிறார்கள். பிரிட்டிஷ் மருத்துவர் ஐவர் லூயிஸ் 1946இல் வெளியிட்ட முறையும் அதன் பின்வந்த மாற்றங்களும்தான் இன்றும் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன. பல இடங்களில் சிறு துளைகள் வழியாகவே இதைச் செய்கிறார்கள்.

இதனால் நான்கு மாற்றங்கள் ஏற்படுகின்றன. குடும்பத்தார் இந்த நான்கையும் புரிந்துகொண்டால், பின்னால் சொல்லப்படும் ஒவ்வொரு விதிக்கும் காரணம் தானாக விளங்கும்.

முதலாவது, உணவைச் சேமித்து வைக்கும் பை இப்போது பையாக இல்லை. ஒரு தட்டுச் சோற்றை வாங்கிக்கொண்ட இடம், இன்று ஒரு குழாய். ஆகவே, நாலு வாய் சாப்பிட்டதும் நெஞ்சு அடைத்தது போல் நிறைந்துவிடும்.

இரண்டாவது, உணவு மேலே திரும்பாமல் தடுத்துக்கொண்டிருந்த வாயில் போய்விட்டது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், புளித்த நீரும் பித்தமும் தொண்டைக்கு ஏறும். தூக்கத்தில் அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும்.

மூன்றாவது, இரைப்பையை இயக்கும் நரம்புகள் துண்டிக்கப்படுகின்றன. அதனால் உணவு சில வேளைகளில் மெதுவாகவும், சில வேளைகளில் தடதடவென்று வேகமாகவும் சிறுகுடலுக்குள் இறங்கும்.

நான்காவது, பசி குறைந்துவிடும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில்தான் உண்டாகிறது. அந்தப் பகுதியில் அறுவை நடப்பதால் சுரப்பு குறைகிறது. "பசிக்கலம்மா" என்று நோயாளி சொல்வது பிடிவாதம் அல்ல. அவருக்கு உண்மையிலேயே பசிப்பதில்லை. பசி வரட்டும் என்று காத்திருந்தால் அது வராது, எடைதான் போகும்.

சுவீடன் நாட்டில் இந்த அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஆறு மாதங்களுக்குள் தங்கள் எடையில் பத்து விழுக்காட்டுக்கும் மேல் இழந்திருந்தார்கள். மருத்துவ வசதி நிறைந்த நாட்டிலேயே இந்த நிலை.

ஒரு பழைய பாடம்

இந்தச் சிகிச்சையின் வரலாற்றில் ஊட்டத்தின் அருமையைச் சொல்லும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1913ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் ஃபிரான்ஸ் டோரெக் என்ற மருத்துவர், 67 வயதுப் பெண்மணி ஒருவரின் நெஞ்சைத் திறந்து, புற்றுநோய் வந்த உணவுக்குழாய்ப் பகுதியை வெற்றிகரமாக அகற்றினார். ஆனால், இரு முனைகளையும் உள்ளே இணைக்கும் நுட்பம் அன்று அவரிடம் இல்லை. கழுத்தில் ஒரு திறப்பும் இரைப்பையில் ஒரு திறப்பும் வைத்து, இரண்டையும் உடலுக்கு வெளியே ஒரு ரப்பர் குழாயால் இணைத்தார். அந்தப் பெண்மணி உணவை மென்று விழுங்குவார். அது கழுத்து வழியாக வெளியே வந்து, ரப்பர் குழாயில் இறங்கி, இரைப்பைக்குள் போகும். இப்படியே அவர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார்.

கத்தி பிடித்தது ஒரு நாள். அதன் பிறகு அத்தனை ஆண்டுகளும் அவரைக் காப்பாற்றியது, ஒவ்வொரு வேளையும் தவறாமல் உள்ளே சென்ற உணவுதான்.

கஞ்சியின் கணக்கு

இனி நம் சமையலறைக்கு வருவோம். சிகிச்சைக்குப் பிறகு ஒருவருக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், 1.2 முதல் 1.5 கிராம் புரதமும் தேவை என்பது பொதுவான கணக்கு. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு 1,250 முதல் 1,500 கலோரி. 60 முதல் 75 கிராம் புரதம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு மட்டும் இந்தப் புரத அளவை மருத்துவர் மாற்றிச் சொல்வார்.

இரண்டு மேசைக்கரண்டி அரிசியில் காய்ச்சிய ஒரு குவளைக் கஞ்சியில் ஏறக்குறைய 100 கலோரி இருக்கும். புரதமோ இரண்டே கிராம். சிரமப்பட்டு நாள் முழுவதும் எட்டுக் குவளை குடித்தாலும் 800 கலோரிதான். புரதம் 16 கிராம்தான். தேவையில் ஏறக்குறைய கால் பங்கு புரதம்தான் கிடைக்கிறது. வயிறு நிறைந்தது, உடல் பட்டினி கிடக்கிறது.

அதே குவளைக் கஞ்சியில் மூன்று மேசைக்கரண்டி கொழுப்பு நீக்காத பால் மாவு, நன்றாக அடித்து ஊற்றிக் கொதிக்கவிட்ட ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி நெய் ஆகியவற்றைச் சேர்த்துப் பாருங்கள். கலோரி ஏறக்குறைய 340. புரதம் 14 கிராம். அளவு அதிகம் கூடவில்லை. சத்து மூன்று மடங்குக்கும் மேல் கூடியிருக்கிறது. இப்படி நான்கு குவளை இறங்கினாலே 1,360 கலோரியும் 56 கிராம் புரதமும் சேர்ந்துவிடும்.

இதுதான் முக்கியமான பாடம். அளவைக் கூட்ட முடியாது. ஆகவே, ஒவ்வொரு வாயிலும் சத்தைக் கூட்ட வேண்டும்.

பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு கலங்கினால் சோயாப் பாலுக்கோ, லாக்டோஸ் நீக்கிய பால் மாவுக்கோ மாறலாம். சைவ உணவுக்காரர்கள் பாசிப்பருப்பை நன்றாக வேகவைத்து மசித்துச் சேர்க்கலாம். நம் நாட்டில் மலிவாகக் கிடைக்கும் தவ்வு மிக மென்மையானது. அரைத்த தெம்பேயில் புரதம் அதிகம். மீன் சாப்பிடுபவர்களுக்குச் சுறாப்புட்டு அருமையான உணவு. முள் இல்லை, மென்மையானது, புரதம் நிறைந்தது. காரத்தை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

டின் பால் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. தே தாரேக்கில் ஊற்றும் இனிப்பு டின் பாலில் சர்க்கரைதான் அதிகம். அதைப் பால் மாவுக்கு மாற்றாக நினைக்கக் கூடாது.

குழாய் வழி உணவு

பல நோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சையின்போதே வயிற்றின் வழியாகச் சிறுகுடலுக்குள் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்திவிடுகிறார்கள். வாய்வழி உணவு போதுமான அளவுக்கு வரும்வரை, சில வாரங்கள் அல்லது சில மாதங்கள், அது இருக்கும். இதைக் கண்டு வீட்டார் பயப்படுவதும், நோயாளி கூச்சப்படுவதும் இயல்பு. "குழாயில சாப்பாடா?" என்று வந்து பார்க்கும் உறவினர்கள் கண் கலங்குவார்கள். உண்மையில் அது இறுதிக்கட்டத்தின் அடையாளம் அல்ல. வாயால் சாப்பிடப் பழகும் காலத்தில் எடை இறங்காமல் தாங்கிப் பிடிக்கும் கைத்தடி அது.

பெரும்பாலும் இரவில் இந்த உணவைச் செலுத்துவார்கள். பகலில் வாயால் சாப்பிட இடம் கொடுப்பதற்காக இந்த ஏற்பாடு. எடுத்துக்காட்டாக, மணிக்கு 80 மில்லிலிட்டர் வீதம் 12 மணி நேரம் ஓடினால் 960 மில்லிலிட்டர். சாதாரண மருத்துவ ஊட்டப்பாலில் அது ஏறக்குறைய 960 கலோரி. எந்த மாவு, எத்தனை கரண்டி, என்ன வேகம் என்பதை மருத்துவமனையின் உணவியல் நிபுணர் எழுதிக் கொடுப்பார். சீக்கிரம் முடியட்டும் என்று வேகத்தைக் கூட்டினால் வயிற்று வலியும் வயிற்றுப்போக்கும்தான் வரும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை இவை:

• கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழாயைத் தொட வேண்டும். மாவைக் கொதித்து ஆறிய நீரில் கலக்க வேண்டும்.

• கலக்கிய பாலை அறை வெப்பத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தொங்கவிடக் கூடாது. ஜொகூர் வெயிலில் அது கெட்டுவிடும். நான்கு மணி நேரத்துக்கான அளவை மட்டும் பையில் ஊற்றி, மீதியைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். 24 மணி நேரம் கடந்தால் கொட்டிவிட வேண்டும்.

• உணவு தொடங்கும் முன்னும், முடிந்த பின்னும், இடையிடையேயும் சிரிஞ்சில் சுமார் 30 மில்லிலிட்டர் நீர் செலுத்திக் குழாயைக் கழுவ வேண்டும். குழாய் மெல்லியது, ஒரு முறை கழுவத் தவறினாலும் அடைத்துக்கொள்ளும்.

• உணவு ஓடும்போது தட்டையாகப் படுக்கக் கூடாது. தலையும் நெஞ்சும் குறைந்தது 30 பாகை உயர்ந்திருக்க வேண்டும்.

• வீட்டில் அரைத்த சாறு, கஞ்சி, இளநீர், மூலிகை எதையும் இந்தக் குழாயில் ஊற்றக் கூடாது. இரைப்பையின் அமிலம் கிருமிகளைக் கொல்லும். இந்தக் குழாயோ இரைப்பையைத் தாண்டி நேராகச் சிறுகுடலுக்குப் போகிறது. கிருமி இருந்தால் தடுக்க ஆள் இல்லை.

• மாத்திரையைப் பொடித்துக் குழாயில் போடலாமா என்பதை மருந்தாளுநரிடம் கேட்காமல் செய்யக் கூடாது.

• குழாய் அடைத்துக்கொண்டால் வெதுவெதுப்பான நீரைச் சிரிஞ்சில் மெதுவாகச் செலுத்திப் பார்க்கலாம். பலம் கொண்டு தள்ளக் கூடாது. கம்பி விட்டுக் குத்தவே கூடாது.

• குழாய் கழன்று விழுந்துவிட்டால் "நாளைக்குப் பார்ப்போம்" என்று இருந்துவிடக் கூடாது. சில மணி நேரத்திலேயே துளை மூடத் தொடங்கும். துளையைச் சுத்தமான துணியால் மூடி, விழுந்த குழாயையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாமே திரும்பச் செருகக் கூடாது.

வாய்வழி உணவு: படிப்படியாக

நீர்மம், மசித்த உணவு, மென்மையான உணவு, பிறகு வழக்கமான உணவு என்பதுதான் வரிசை. எந்தப் படியில் எத்தனை நாள் என்பதை அறுவைச் சிகிச்சை மருத்துவர்தான் சொல்வார். உள்ளே தையல் ஆறும் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

மென்மையான உணவுக் கட்டத்தில் சாம்பாரில் ஊறிய இட்லி, பாலில் ஊறிய இடியாப்பம், குழைந்த பருப்புச் சோறு, அவித்த முட்டை, முள் நீக்கிய மீன், மசித்த கேரட், பூசணி, பப்பாளி, வாழைப்பழம் ஆகியவை பொருந்தும். புதிய வெள்ளை ரொட்டி மென்மையானது என்று பலர் நினைக்கிறார்கள். வாயில் அது மாவு உருண்டையாகி, இணைப்பில் சிக்கிக்கொள்ளும். ரொட்டி சானாய், சப்பாத்தி, முறுக்கு, அப்பளம், நாருள்ள இறைச்சி, முருங்கைக்காய்ச் சக்கை ஆகியவற்றையும் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது.

சாப்பிடும் முறைதான் உணவைவிட முக்கியம். நாளொன்றுக்கு மூன்று வேளை என்பதை மறந்துவிட வேண்டும். ஆறு முதல் எட்டு வேளை. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு சிறிய கிண்ணம் போதும். 20 முதல் 30 நிமிடம் மென்று சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தால் இருக்கிற இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். ஆகவே, சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்போ, சாப்பிட்டு அரை மணி நேரம் பின்போ குடிக்கலாம். நேராக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகு இரண்டு மூன்று மணி நேரம் படுக்கக் கூடாது. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்துவது பல தலையணைகளை அடுக்குவதைவிடப் பயன் தரும். தலையணை கழுத்தை மட்டும்தான் வளைக்கும்.

ஜொகூர் பாருவிலும் மாசாயிலும் ஸ்கூடாயிலும் பல வீடுகளில் அதிகாலை நான்கு மணிக்கே பிள்ளைகள் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். திரும்புவது இரவில். நாள் முழுவதும் எட்டு வேளை கிண்ணம் நீட்டுவது ஒருவருடைய தலையில்தான் விழுகிறது. பெரும்பாலும் அது வயதான மனைவி. ஆகவே, யார் எந்த வேளைக்குப் பொறுப்பு என்பதை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிடுவது நல்லது. மகன் இரவில் குழாய் உணவை இணைக்கலாம். மகள் விடுமுறை நாளில் ஒரு வாரத்துக்கான பருப்பு விழுது, மீன் மசியல் ஆகியவற்றைச் சிறு டப்பாக்களில் உறைய வைக்கலாம். பகல் வேளைகளுக்குக் கைத்தொலைபேசியில் மணி வைத்துவிடலாம். பராமரிப்பவர் படுத்துவிட்டால் நோயாளியும் படுத்துவிடுவார் என்பதை வீட்டில் எல்லாரும் நினைவில் கொள்ள வேண்டும்.

சாப்பிட்டதும் ஏன் தலைசுற்றல்?

சாப்பிட்டுப் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் சிலருக்கு வயிறு முறுக்கும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிற்றுப்போக்கு போகும். உணவு வேகமாகச் சிறுகுடலுக்குள் கொட்டுவதால் இது ஏற்படுகிறது. இன்னும் சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்துக் கை நடுங்கும், கண் இருட்டும். இனிப்பு சட்டென்று இரத்தத்தில் ஏறி, அதை அடக்க இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, சர்க்கரை கீழே விழுந்துவிடுவதே காரணம்.

இனிப்புக் கட்டித் தே, சிராப், மைலோவில் கூடுதல் சர்க்கரை, பண்டிகைப் பலகாரம் ஆகியவைதான் பெரும்பாலும் இதற்குத் தூண்டுகோல். இனிப்பைக் குறைத்து, ஒவ்வொரு வேளையிலும் புரதமும் சிறிது கொழுப்பும் சேர்த்தால் பலருக்கு இது அடங்கிவிடும்.

ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்கள் இங்கே மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். நம் சமூகத்தில் அவர்கள் அதிகம். அறுவைச் சிகிச்சைக்கு முன் போட்டுக்கொண்டிருந்த அதே அளவு இன்சுலினையும் மாத்திரையையும், உணவு பாதியாகக் குறைந்த பிறகும் தொடர்ந்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வீடு திரும்பும் முன்பே மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

குடும்பங்கள் அடிக்கடி எழுப்பும் கேள்விகள்

கேள்வி: முட்டையும் மீனும் கோழியும் கொடுத்தால் புண் ஆறாது, அரிக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்களே?

பதில்: புண்ணை ஆற்றுவதே புரதம்தான். உள்ளே தைத்த இடத்தில் புதிய தசை வளர வேண்டும் என்றால் அதற்கான பொருள் உணவிலிருந்துதான் வர வேண்டும். முன்பு ஒவ்வாமை இருந்த உணவைத் தவிர வேறெதையும் நிறுத்தத் தேவையில்லை. பத்தியம் என்ற பெயரில் முட்டையையும் மீனையும் நிறுத்துவது புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

கேள்வி: ஹாருவான் மீன் சாறு நல்லது என்கிறார்களே?

பதில்: ஹாருவான் எனும் விரால் மீன் புண்ணை ஆற்றும் என்ற நம்பிக்கை நம் நாட்டில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாரிடமும் உண்டு. நல்ல மீன்தான், தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால், சாற்றை மட்டும் வடித்துக் கொடுத்துவிட்டுச் சதையை ஒதுக்கிவிடுகிறார்கள். புரதத்தின் பெரும்பங்கு சதையில்தான் இருக்கிறது. முள் நீக்கி, மசித்து, சாற்றோடு சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி: சர்க்கரையும் சோறும் புற்றுநோய்க்குத் தீனி, அதனால் நிறுத்திவிட வேண்டும் என்று வாட்சப்பில் வருகிறதே?

பதில்: சாப்பாட்டை நிறுத்தினால் முதலில் பட்டினி கிடப்பது நோயாளியின் தசைதான். அளவுக்கு மீறிய இனிப்பைத் தவிர்ப்பது வேறு, சோற்றையே நிறுத்துவது வேறு. இந்த நோயாளிக்கு மெலிவுதான் பெரிய எதிரி.

கேள்வி: அப்பாவுக்கு முன்பு சாப்பிட முடிந்தது. இப்போது மறுபடியும் விக்குகிறது. நோய் திரும்பிவிட்டதா?

பதில்: அப்படி முடிவு கட்டிவிட வேண்டாம். இணைத்த இடம் ஆறும்போது தழும்பு இறுகிக் குறுகுவது உண்டு. உள்நோக்கிக் கருவி மூலம் அதை விரித்துவிடலாம். சிலருக்குப் பல முறை செய்ய வேண்டியிருக்கும். பயந்துகொண்டு வீட்டிலேயே நீர் உணவுக்குத் திரும்பிவிட்டால் எடைதான் குறையும். சந்திப்பு நாளுக்காகக் காத்திராமல் மருத்துவமனையை அழைக்க வேண்டும்.

கேள்வி: இரும்பு, வைட்டமின் மாத்திரை தேவையா?

பதில்: மாதங்கள் செல்லச் செல்ல இரும்பு, வைட்டமின் பி12, வைட்டமின் டி ஆகியவை குறையக்கூடும். இரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் சொல்வார். எண்ணெய்ப் பசையோடு மிதக்கும் மலம் போனால் அதையும் சொல்ல வேண்டும். கொழுப்பு செரிக்கவில்லை என்பதற்கு அது அடையாளம். அதற்கும் மருந்து உண்டு.

எப்போது தாமதிக்கக் கூடாது?

காய்ச்சல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், நிற்காத வாந்தி, கறுப்பு மலம், குழாயைச் சுற்றிச் சிவந்து சீழ் வருதல், தண்ணீர் கூட இறங்காமை ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். குரல் கம்மி, சாப்பிடும்போதெல்லாம் இருமல் வந்தால், உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று பொருள் கொள்ளலாம். அப்போது வாய்வழி உணவை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் ஓர் எடை பார்க்கும் கருவி அவசியம். வாரம் ஒரு முறை, அதே நாள், காலையில், அதே கருவியில் எடை பார்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். இரண்டு வாரம் தொடர்ந்து எடை இறங்கினால் உணவியல் நிபுணரை அழைக்க வேண்டும். "கொஞ்சம் மெலிஞ்சிட்டார் டாக்டர்" என்று சொல்வதைவிட, எண்களைக் காட்டுவது மருத்துவருக்குப் பெரிய உதவி.

ஊட்டச்சத்து மாவின் செலவு பல குடும்பங்களுக்குச் சுமைதான். வெட்கப்பட்டுக்கொண்டு கரண்டியைக் குறைத்துக் கலக்குபவர்களும் உண்டு. அப்படிச் செய்ய வேண்டாம். அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது. உதவிக்கு விண்ணப்பிக்கும் வழியை அங்கே கேட்கலாம். 1994இல் தொடங்கப்பட்ட தேசியப் புற்றுநோய் மன்றமான மக்னா, வசதி குறைந்த நோயாளிகளுக்கு உதவுகிறது. சந்தா செலுத்திய தொழிலாளர் வேலை செய்ய முடியாத நிலைக்கு வந்துவிட்டால், பெர்கேசோவின் இயலாமை ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டா என்று விசாரிக்க வேண்டும்.

மறுபடியும் பந்தியில்

கடைசியாக ஒன்று. இந்த அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பலர் கல்யாணத்துக்கும் கோயில் அன்னதானத்துக்கும் போவதை நிறுத்திவிடுகிறார்கள். இலையில் பரிமாறியதை மிச்சம் வைக்க வேண்டுமே என்ற கூச்சம். "என்ன அண்ணே, இவ்வளவுதானா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களே என்ற தயக்கம். ஒதுங்கியிருப்பவருக்கு உணவின் மேல் இருக்கும் ஆசையும் போய்விடுகிறது.

இங்கே உறவினர்கள் செய்யக்கூடியது மிகச் சிறியது. வற்புறுத்தாமல் இருப்பது. "இன்னும் ஒரு வாய்" என்று ஊட்டுவதுதான் பாசம் என்று நாம் வளர்ந்திருக்கிறோம். இவருக்கு அந்த இன்னும் ஒரு வாய் நெஞ்சடைப்பையும் வாந்தியையும் கொண்டு வரும். அவருக்கு ஒரு சிறிய கிண்ணத்தில் கொடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு கிண்ணம் கொடுங்கள். பந்தியில் உட்கார்ந்து நாலு வாய் சாப்பிட்டு எழுந்தால், அதைக் குறையாகப் பேசாமல் அவர் வந்ததற்காக மகிழுங்கள்.

மாதங்கள் செல்லச் செல்லக் கிண்ணத்தின் அளவு மெல்லக் கூடும். எடை இறங்குவது நிற்கும். வயிற்றுக் குழாயைக் கழற்றும் நாளும் வரும். அதுவரை சமையலறையில் கஞ்சி கொதிக்கட்டும். அதில் ஒரு முட்டையும், மூன்று கரண்டி பால் மாவும் சேரட்டும்.